பாலைவனத்தில் குளிர்கால ஆர்.வி. பயணம்: மைலைப் பார்க்கும் முன் உயரத்தைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் போய்வரும் பெற்றோர் இல்லாத ஊர் இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அரிது. தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ கருங்கலிலோ ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், பக்கத்து இலைக்காரர் டல்லாஸிலோ சான் ஹோசேயிலோ சில மாதங்கள் இருந்துவிட்டு வந்தவராக இருக்கிறார். அப்படிப் போகிறவர்களைப் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் விடுமுறையில் வெளியே அழைத்துச் செல்வதும், அதற்கு ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியை வாடகைக்கு எடுப்பதும், வடக்கே பனி கொட்டுவதால் ‘பாலைவனம்தானே, கதகதப்பாக இருக்கும்’ என்று தென்மேற்கு மாநிலங்களைத் தேர்ந்தெடுப்பதும் பல குடும்பங்களில் நடக்கின்றன. தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தை இந்தக் குடும்பங்கள் விரும்பி வாசிப்பதால் இதை எழுதுகிறேன். என் மகளும் மருமகனும் அரிசோனாவில் இருக்கிறார்கள். அவர்களுடன் குளிர்காலத்தில் அந்தச் சாலைகளில் போயிருக்கிறேன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால், வண்டியின் பேட்டரியும் ஹீட்டரும் வேலை செய்யும் முறையையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மைல் கணக்கைப் பார்ப்பதற்கு முன்னால், ஒவ்வோர் இரவும் தங்கப்போகும் இடம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பதையும், அங்கே அன்று எத்தனை மணிக்குப் பொழுது சாயும் என்பதையும் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் பார்க்காமல் போடப்படும் திட்டங்களே என் கண்ணில் அதிகம் படுகின்றன. லாஸ் ஏஞ்சலஸில் புறப்பட்டு லாஸ் வேகாஸ், சயான், பிரைஸ் கேன்யன், பேஜ், கிராண்ட் கேன்யன், ஃபீனிக்ஸ் என்று ஒரு வாரத்தில் சுற்றி வருவது அவற்றில் வழக்கமான ஒன்று. கோடைக்கால வீடியோக்களைப் பார்த்துப் போட்ட திட்டம் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இந்த வரிசையில் லாஸ் வேகாஸ் சுமார் 2,000 அடி உயரத்திலும் ஃபீனிக்ஸ் சுமார் 1,100 அடி உயரத்திலும் இருக்கின்றன. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்போ சுமார் 7,000 அடி. பிரைஸ் கேன்யன் 8,000 அடிக்கும் மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். ஜனவரியில் ஃபீனிக்ஸில் பகல் வெப்பம் 19 டிகிரி அளவில் இருக்கும்போது, நான்கு மணி நேரப் பயணத்தில் வரும் கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் இரவு வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரி வரை இறங்குவது சாதாரணம். பிரைஸில் அது பூஜ்யத்துக்குக் கீழே பத்தையும் தாண்டும். வழியில் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் நகரத்தில் ஓர் ஆண்டில் பெய்யும் பனியின் சராசரி ஏறத்தாழ 100 அங்குலம். கிராண்ட் கேன்யனின் வடக்கு விளிம்புக்குப் போகும் சாலையைக் குளிர்காலத்தில் அடைத்தே விடுகிறார்கள். வரைபடத்தில் எல்லா ஊரும் ஒரே மஞ்சள் நிறத்தில், ‘பாலைவனம்’ என்ற ஒரே பெயருக்குள் கிடப்பதால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை.

விடுதி அறையில் தங்குகிறவர்களுக்கு இந்தக் குளிர் ஒரு கம்பளி ஆடையோடு முடிந்துவிடும். ஆர்.வி. அப்படியல்ல. அது தன் தண்ணீரையும் கழிவையும் மின்சாரத்தையும் தானே சுமந்து போகிற வீடு. நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, குளியலறையிலிருந்தும் சமையல் தொட்டியிலிருந்தும் வரும் கழிவுநீருக்கு ஒரு தொட்டி, கழிப்பறைக்குத் தனியாக ஒரு தொட்டி என்று மூன்றும் வண்டியின் அடிப்பகுதியில் இருக்கின்றன. குழாய்கள் மெல்லியவை. இரவு வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போய்ச் சில மணி நேரம் நின்றால் குழாயில் தண்ணீர் உறைந்து விரிந்து, இணைப்புகள் வெடிக்கும். வெளியே இருக்கும் குழாயடியிலிருந்து வண்டிக்குப் போட்ட ரப்பர் ஹோஸ் முதலில் உறையும். ஆகவே குளிரான இடத்தில் மாலையிலேயே தொட்டியை நிரப்பிக்கொண்டு ஹோஸைக் கழற்றி, அதில் நிற்கும் தண்ணீரை வடித்து உள்ளே வைத்துவிட வேண்டும். உடைந்த குழாய்க்கான செலவு பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தவர் தலையில்தான் விழும் என்பதால், ஒப்பந்தத்தில் உறைதல் பற்றிய பகுதியைப் பிள்ளைகள் வரி விடாமல் படிக்க வேண்டும். சால்ட் லேக் சிட்டி, டென்வர் போன்ற குளிர்ப் பகுதிகளில் எடுக்கும் வண்டிகளில், உறையாமல் இருப்பதற்காகத் தண்ணீரை முழுவதும் வடித்து, குழாய்களில் உறைதடுப்புத் திரவத்தை ஏற்றியே தருவதுண்டு. அந்த வண்டியில் குழாயைத் திறந்து முகம் கழுவ முடியாது. வண்டியை ஃபீனிக்ஸிலோ லாஸ் வேகாஸிலோ தெற்குக் கலிபோர்னியாவிலோ எடுப்பது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

ஹீட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பலர் தவறாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். ஆர்.வி.யின் ஹீட்டர் புரொபேன் வாயுவில் எரிகிறது. ஆனால் அந்தச் சூட்டை வண்டிக்குள் தள்ளும் மின்விசிறி 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. வாயு உருளை நிறைந்திருந்தாலும் பேட்டரி தீர்ந்தால் ஹீட்டர் நின்றுவிடும். குளிரில் பேட்டரியின் திறனும் குறைவதால், வெளி மின் இணைப்பு இல்லாத இடத்தில் இரவு முழுவதும் ஹீட்டர் ஓடினால் விடியற்காலை மூன்று, நான்கு மணிவாக்கில், குளிர் மிகக் கடுமையாக இருக்கும் நேரத்தில், விசிறி முனகிக்கொண்டே வேகம் குறைந்து நிற்கும். ஜெனரேட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். பெரும்பாலான முகாம்களில் இரவு நேரத்தில் அதை ஓட்ட அனுமதி இல்லை. வாடகை நிறுவனங்கள் பல அதற்கு மணிக்கணக்கில் தனிக் கட்டணமும் வாங்குகின்றன. எனவே உயரமான இடத்தில் தங்கியே ஆக வேண்டுமென்றால் மின் இணைப்புள்ள இடத்தை மட்டுமே முன்பதிவு செய்ய வேண்டும். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் மேதர் முகாமில் மின் இணைப்பு கிடையாது, 30 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு இடமும் கிடையாது. பக்கத்திலேயே உள்ள டிரெய்லர் வில்லேஜில் இணைப்பு உண்டு, ஆண்டு முழுவதும் திறந்தும் இருக்கும். பெயர்கள் இரண்டும் பட்டியலில் அடுத்தடுத்து வருவதால் குறைந்த கட்டணத்தைப் பார்த்து மேதரை எடுத்துவிடுகிறார்கள். இன்னொன்றையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: ஹீட்டர் நின்றுவிட்டது என்பதற்காகச் சமையல் அடுப்பைப் பற்றவைத்து வண்டியைச் சூடாக்காதீர்கள். அடைத்த வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் சேரும். தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். அதைக் கண்டுபிடிக்கும் கருவி வேலை செய்கிறதா என்று வண்டியை வாங்கும் இடத்திலேயே பொத்தானை அழுத்திப் பார்த்துவிட வேண்டும்.

இனி பகல் வெளிச்சம். நம் மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டு டிகிரியில் இருப்பதால், மார்கழியிலும் நமக்குப் பதினொன்றரை மணி நேரத்துக்குமேல் பகல் கிடைக்கிறது. ஆறு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும் என்பது நம் உடம்பில் ஊறிய கணக்கு. கிராண்ட் கேன்யன் இருப்பது 36 டிகிரியில். டிசம்பர் கடைசியில் அங்கே காலை ஏழரைக்கு மேல்தான் சூரியன் எழும். மாலை ஐந்தே காலுக்கெல்லாம் மறைந்துவிடும். கலிபோர்னியாவும் நெவாடாவும் அரிசோனாவுக்கு ஒரு மணி நேரம் பின்தங்கிய நேரத்தில் இருப்பதால், அங்கே கடிகாரத்தின்படி நான்கரை மணி அளவிலேயே பொழுது போய்விடும். காலையில் குழந்தைகளைக் கிளப்பி, கழிவைக் கொட்டி, வண்டியை நகர்த்த ஒன்பதரை, பத்தாகும். இருட்டுவதற்குள் முகாமுக்குப் போய் வண்டியைச் சமநிலையில் நிறுத்தி இணைப்புகளைக் கொடுக்க வேண்டும். நடுவில் மிஞ்சுவது ஐந்து, ஆறு மணி நேரம். கார் போகிற வேகத்தில் ஆர்.வி. போகாது. ஒரு நாளைக்கு 150 முதல் 200 மைல், அதற்குமேல் வேண்டாம் என்பது என் துணிபு. கிராண்ட் கேன்யன் பகுதியில் இருட்டிய பிறகு எல்க் மான்கள் சாலைக்கு வரும். நம் ஊர் மாட்டைவிடப் பெரிய அந்த விலங்கு மீது மோதினால் வண்டியும் தப்பாது, உள்ளே இருப்பவர்களும் தப்புவது கடினம்.

அப்படியானால் போகவே கூடாதா என்றால், போக வேண்டும். தாழ்ந்த பாலைவனம் குளிர்காலத்துக்கென்றே அமைந்தது போன்ற இடம். ஃபீனிக்ஸிலிருந்து டூசான், அங்கிருந்து ஆர்கன் பைப் காக்டஸ் பகுதி, யூமா, கலிபோர்னியாவின் பொரேகோ ஸ்பிரிங்ஸ், பாம் ஸ்பிரிங்ஸ், திரும்பும் வழியில் குவார்ட்சைட் என்று ஒரு வட்டம் போட்டால், இரவு தங்கும் இடங்கள் எல்லாம் 3,000 அடிக்கு உள்ளேயே அடங்கிவிடும். பகலில் வேட்டி, புடவையோடு நடக்கலாம். இரவுக்கு ஒரு ஸ்வெட்டரும் கம்பளியும் போதும். டூசானுக்கு மேற்கே, மாவட்ட நிர்வாகம் நடத்தும் கில்பர்ட் ரே முகாமில் மின் இணைப்பு உண்டு. சகுவாரோ தேசியப் பூங்காவின் மேற்குப் பகுதி அங்கிருந்து சில மைல்தான். நாற்பது அடிக்குமேல் வளரும் அந்தச் சகுவாரோ கள்ளிகளில் முதல் கிளை விடவே ஐம்பது ஆண்டுகளுக்குமேல் ஆகும் என்று அறிந்து அருகில் போய் நிற்கும்போது, அதன் வரிவரியான உடம்பு மழைநீரைக் குடித்து விரிவதற்காக மடிக்கப்பட்டிருக்கும் நேர்த்தி தெளிவாகப் புரியும். என் பேத்தி அந்த மடிப்புகளை விரலால் எண்ணிக்கொண்டே சுற்றி வந்தாள்.

குவார்ட்சைட் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. சில ஆயிரம் பேர் வாழும் அந்தச் சிற்றூருக்கு ஜனவரியில் நாடெங்கிலுமிருந்து ஆர்.வி.க்காரர்கள் வந்து குவிகிறார்கள். அரசு நில மேலாண்மைத் துறையின் லா போசா நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை முழுப் பருவமும் தங்க 180 டாலர். 14 நாளுக்கு 40 டாலர். மின்சாரம், குழாய் இணைப்பு எதுவும் இடத்துக்கு வராது. ஆனால் உயரம் 900 அடிக்கும் குறைவு என்பதால் குளிர் தாங்கக்கூடியதே. 1850களில் அமெரிக்க ராணுவம் பாலைவனப் போக்குவரத்துக்கு ஒட்டகங்களைக் கொண்டுவந்து சோதித்தபோது அவற்றை ஓட்ட வந்த ஹாஜி அலியின் கல்லறை அங்கே இருக்கிறது. பிரமிடு வடிவ நினைவுச்சின்னத்தின் உச்சியில் ஓர் ஒட்டகம் நிற்கும். தொலைதேசத்துக்கு வேலைக்குப் போனவர்களின் ஊர்க்காரர்கள் நாம். அவர் கல்லறைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கலாம்.

பொரேகோ ஸ்பிரிங்ஸ் ஊர், இரவு வானத்தின் இருளைக் காப்பதற்காக வெளிவிளக்குகளைக் கட்டுப்படுத்தியிருக்கும் ஊர். நீண்ட இரவைத் தொல்லை என்று நினைப்பவர்கள் அங்கே ஓர் இரவு தங்க வேண்டும். கார்த்திகையும் ரோகிணியும் மிருகசீரிடமும் திருவாதிரையும் வரிசையாக ஏறி வரும். சுசீந்திரம் மார்கழித் திருவிழாவைச் சொல்லி வளர்ந்த தாத்தாவும் பாட்டியும், அந்தத் திருவாதிரை இதுதான் என்று பேரப்பிள்ளைகளுக்கு விரலால் காட்டலாம். நகரத்து வானத்தில் வளரும் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு யார் காட்டப் போகிறார்கள்? ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மேற்கு மலையிலிருந்து அந்த ஊருக்கு இறங்கும் சாலை நீண்ட செங்குத்து இறக்கம், ஆர்.வி.யில் போகிறவர்கள் கிழக்கே சால்டன் கடல் பக்கமிருந்து வருவது நல்லது.

கிராண்ட் கேன்யனைப் பார்க்காமல் திரும்ப எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது. ஆர்.வி.யை ஒப்படைத்த பிறகோ எடுப்பதற்கு முன்போ, ஃபீனிக்ஸிலிருந்து காரில் போய் விளிம்பில் உள்ள விடுதியில் ஓர் இரவு தங்கித் திரும்பலாம். வானிலை அறிக்கையைப் பார்த்துப் பனி இல்லாத நாளில் புறப்பட இந்த வழியே இடம் கொடுக்கும். மேலும், மார்ச் முதல் நவம்பர் வரை தனியார் வாகனங்களுக்கு மூடப்படும் ஹெர்மிட் சாலை டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் காருக்குத் திறந்திருக்கும். முழங்கால் வலிக்காரர்கள் காட்சி முனைகளில் இறங்கி ஏறிப் பார்த்துக்கொண்டே போகலாம். சயானைப் பொறுத்தவரை இன்னொரு தடையும் வந்திருக்கிறது. 1930இல் திறக்கப்பட்ட குறுகலான சுரங்கப்பாதை உள்ள சயான் - மவுண்ட் கார்மல் சாலையில், 7 அடி 10 அங்குலத்துக்கு மேல் அகலமோ 11 அடி 4 அங்குலத்துக்கு மேல் உயரமோ உள்ள வண்டிகளுக்கு 2026 ஜூன் முதல் அனுமதி இல்லை என்று பூங்கா நிர்வாகம் அறிவித்துள்ளது. வாடகை ஆர்.வி.க்களில் பெரும்பாலானவை இந்த அளவைத் தாண்டியவை.

கட்டணத்திலும் மாற்றம் உண்டு. 2026 ஜனவரி 1 முதல், ஆண்டு அனுமதி அட்டை இல்லாத வெளிநாட்டவர் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் 11 தேசியப் பூங்காக்களில் வழக்கமான கட்டணத்தோடு 100 டாலர் கூடுதலாகச் செலுத்த வேண்டும். வெளிநாட்டவருக்கான ஆண்டு அட்டையின் விலை 250 டாலர். சுற்றுலா விசாவில் போகும் பெற்றோர் இதில் அடங்குவார்கள். கிராண்ட் கேன்யன், சயான், பிரைஸ் மூன்றும் அந்தப் பதினொன்றில் உள்ளவை. சகுவாரோ, ஜோஷுவா ட்ரீ, டெத் வேலி ஆகியவை அதில் இல்லை.

காற்றைப் பற்றி ஆரல்வாய்மொழிக் கணவாய் தெரிந்தவர்களுக்கு நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலில் சரக்கில்லாத லாரியைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளுவதைப் பார்த்தவர்கள் நாம். பாம் ஸ்பிரிங்ஸை ஒட்டிய சான் கோர்கோனியோ கணவாயிலும் அதே போலக் காற்றாலைகள் கூட்டமாக நிற்கின்றன. நெடுஞ்சாலை 10 அதற்கு நடுவே போகிறது. உயரமான பக்கவாட்டுள்ள ஆர்.வி.யைப் பலத்த காற்று எச்சரிக்கை உள்ள நாளில் அங்கே ஓட்டக் கூடாது. ஒரு நாள் தாமதிப்பதற்கான இடைவெளி திட்டத்தில் இருந்தால் மருமகன் அவசரப்பட மாட்டார்.

பெரியவர்களுக்கான சில விஷயங்களைப் பிள்ளைகள் தாமாக நினைத்துப் பார்ப்பதில்லை. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே உள்ள படுக்கைக்கு ஏணியில் ஏற வேண்டும், அது பேரப்பிள்ளைகளுக்குரியது. பின்பக்கப் படுக்கை பல வண்டிகளில் சுவரோரமாக மூலையில் ஒட்டியிருப்பதால், உள்ளே படுத்தவர் இரவில் கழிப்பறைக்குப் போக அடுத்தவரைத் தாண்டித்தான் இறங்க முடியும். இரண்டு பக்கமும் நடக்க இடமுள்ள வண்டியைக் கேட்டு வாங்க வேண்டும். வண்டி ஓடும்போது எல்லாரும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். படுக்கவோ தேநீர் போடவோ கூடாது. மெக்சிகோ எல்லையை ஒட்டிய நெடுஞ்சாலைகளில், எல்லையிலிருந்து வெகுதூரம் உள்ளேயும் காவல் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன; பாஸ்போர்ட்டையும், அமெரிக்காவுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவின் அச்சுப் படியையும் வீட்டு அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு யூமா பக்கம் போகக் கூடாது. மருந்துகளைப் பயண நாட்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வைத்துக்கொள்வதும், பார்வையாளர் மருத்துவக் காப்பீட்டில் பழைய நோய்களுக்கு இடமுண்டா என்று முன்பே பார்ப்பதும் கட்டாயம்.

சமையலில் நம் வழக்கம் இரண்டு இடத்தில் இடிக்கும். சம்பா அரிசிச் சோற்றை வடித்து அந்தக் கஞ்சித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால், கழிவுநீர்த் தொட்டி இரண்டே நாளில் நிறைந்து நாறும். வண்டியில் குக்கர் சோறே சரி. ஏழாயிரம் அடியில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பானையில் அந்த அரிசி லேசில் வேகவும் செய்யாது. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும் என்பதால், மீன் வறுத்த சட்டியைத் தொட்டியில் கழுவாமல், காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட வேண்டும். குழாய்க்குள் போன எண்ணெய் அங்கேயே உறைந்து அடைக்கும். ஊரிலிருந்து கொண்டுபோன மிக்ஸி அங்குள்ள 120 வோல்ட்டில் சரியாக ஓடாது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சுற்றுலாப் பக்கத்தில் வெளிநாட்டு இடங்களைப் பற்றிக் கட்டுரை வெளியிடும்போது, ஒவ்வோர் இடத்தின் பெயருக்கும் பக்கத்தில் அதன் உயரம், டிசம்பர் - ஜனவரி மாதங்களின் சராசரி இரவு வெப்பநிலை, பொழுது சாயும் நேரம் ஆகிய மூன்றையும் ஒரு சிறு கட்டத்தில் அச்சிட வேண்டும். மத்திய அரசு நிலங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் முகாம் இடங்களைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுவதால், டிசம்பர் பயணத்துக்கான கட்டுரைகள் ஜூன், ஜூலையிலேயே வந்தால்தான் பயன்படும். நவம்பரில் வரும் கட்டுரையைப் படித்துவிட்டுத் தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் மின் இணைப்பில்லாத மலைமேல் இடங்கள்தான் மிஞ்சியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.